தானாக நகரும் பொம்மையைக் கண்டால் குழந்தை ஏன் அலறுகிறது?

கேள்வி இதுதான். மகனுக்கு ஒரு வயது முடிந்து சில வாரங்கள் ஆகின்றன. பிறந்தநாளுக்கு மாமா ஒரு நாய்ப் பொம்மை வாங்கி வந்தார். பொத்தானை அழுத்தினால் குரைத்துக்கொண்டே நடக்கும், திடீரென்று நிற்கும், குட்டிக்கரணம் போடும். அதைப் பார்த்ததும் குழந்தை அலறி அம்மாவின் தோளில் ஏறிக்கொள்கிறான். ஆஃப் செய்து மூலையில் வைத்தாலும் அந்தப் பக்கம் போவதில்லை. நாலு வயது அக்காவோ அதே நாய்க்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். “இவன் பயந்த சுபாவமா? பழக்கிவிட்டால் சரியாகிவிடுமா? டாக்டரிடம் காட்ட வேண்டுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வயதை ஒட்டி இப்படிப் பயப்படுவது வளர்ச்சியில் எதிர்பார்க்கக்கூடிய ஒன்று. இதற்காக மட்டும் டாக்டரிடம் ஓட வேண்டியதில்லை. “பழக்கிவிடுவது” என்கிறீர்களே, அதுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். எப்படிப் பழக்குகிறோம் என்பதைப் பொறுத்து அது பயத்தைக் கரைக்கவும் செய்யும், இறுக்கிப் பூட்டவும் செய்யும். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் மகன் ஒரு வயதுக்குள் பொருட்களைப் பற்றி நிறையவே தெரிந்துகொண்டுவிட்டான். டம்ளரைத் தட்டினால் விழும், பந்தைத் தள்ளினால் உருளும், யாரும் தொடாவிட்டால் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். இது நாம் நினைப்பதைவிட முன்னாலேயே வந்துவிடும் அறிவு. 1980களில் ஆலன் லெஸ்லி என்ற உளவியலாளர் குழந்தைகளுக்குச் சின்னச் சின்ன அசையும் படங்களைக் காட்டினார். ஒரு வடிவம் நகர்ந்து வந்து இன்னொன்றை இடிக்கும், இடிபட்டது நகரும். ஒன்று இன்னொன்றைத் தள்ளியதா, இல்லை இரண்டும் தனித்தனியாக அசைந்தனவா என்ற வேறுபாட்டை ஆறு மாதக் குழந்தைகளே கவனித்தார்கள் என்று அவர் காட்டினார்.

இன்னொரு பக்கம், யாரும் தள்ளாமலே நகர்கிறவையும் அவன் உலகத்தில் உண்டு. அம்மா, அப்பா, பூனை, ஜன்னலில் வந்து உட்காரும் காக்கா. 1990இல் டேவிட் பிரேமாக் என்பவர் ஒரு கருத்தை முன்வைத்தார்: தானாக நகரத் தொடங்கும் எதையும் குழந்தையின் மூளை வெறும் பொருளாகப் பார்ப்பதில்லை, ஏதோ நோக்கம் உள்ள ஒன்றாகத்தான் பார்க்கிறது. எனக்கு இந்தக் கருத்தில் முக்கியமாகப் படுவது, குழந்தை அதைப் பெயர் சொல்லத் தெரிவதற்கு வெகு முன்னாலேயே பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது என்பதுதான்.

இப்போது அந்த நாயை அவன் கண்ணால் பாருங்கள். பொசுபொசுவென்று ரோமம் இருக்கிறது, கண் இருக்கிறது, ஆனால் தொட்டால் உள்ளே கெட்டியாக இருக்கிறது. ஐந்து நிமிடம் அசையாமல் கிடந்தது. யாரும் தள்ளவில்லை, திடீரென்று கிளம்பி அவனை நோக்கி வருகிறது, கத்துகிறது, நிற்கிறது, தலைகீழாகப் புரள்கிறது. சமையலறையில் அம்மிக்கல் தானாக நகர்ந்து உங்களைப் பார்த்து வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அதையேதான் அவனும் செய்கிறான். இது முட்டாள்தனமான பயமே இல்லை. அவன் அறிந்த இரண்டு வகைகளில் எதிலும் சேராத ஒன்றைப் பார்த்து, பாதுகாப்பான முடிவை எடுத்திருக்கிறான்.

இதை நேரடியாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். மான்ட்ரியலில் டயேன் பூலன்-டுபுவாவும் உடன் ஆய்வாளர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத, பன்னிரண்டு மாதக் குழந்தைகள் முன் ஒரு சிறிய ரோபோவை வைத்தார்கள். அது சும்மா நின்றபோது பெரிதாக ஒன்றும் இல்லை. தானாக நகரத் தொடங்கியதும் முகம் சுருங்கி, அழுகை எட்டிப் பார்த்தது. அறிமுகமில்லாத மனிதர் நகர்ந்தபோது இந்த மாற்றம் இல்லை. மனிதர் நகர்வார் என்பது அவர்களுக்குத் தெரிந்த சங்கதி.

குழந்தைகளின் சுபாவத்தை அளக்க ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் ஒரு சோதனைத் தொகுப்பு உண்டு. ஹில் கோல்ட்ஸ்மித்தும் மேரி ராத்பார்ட்டும் உருவாக்கியது. அதில் பயத்தைத் தூண்டுவதற்கென்றே வைத்திருக்கும் பொருட்களில் ஒன்று, எப்போது எப்படி நகரும் என்று ஊகிக்க முடியாமல் குழந்தையை நோக்கி வரும் இயந்திரப் பொம்மை. மாமா அன்போடு தேர்ந்தெடுத்ததும் ஆய்வாளர்கள் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்ததும் ஒரே ரகம். அவர் மேல் வருத்தப்பட வேண்டாம், டப்பாவின் மேல் இதையெல்லாம் யாரும் எழுதுவதில்லை.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 1978இல் வந்தது. செய்தவர் மேகன் கன்னர். ஜால்ரா தட்டும் குரங்குப் பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கையிலும் தட்டு, சாவி கொடுத்தாலோ பேட்டரி போட்டாலோ டங் டங்கென்று காது கிழியத் தட்டும். அப்படி ஒரு குரங்கை ஒரு வயதுக் குழந்தைகள் முன் வைத்தார். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு முன்னால் ஒரு பலகை இருந்தது. அதைத் தட்டினால் குரங்கு ஆடும், தட்டாவிட்டால் ஆடாது. இன்னொரு பிரிவுக்கும் அதே குரங்கு, அதே சத்தம், ஆடும் நேரமும் முதல் பிரிவில் இருந்த அளவேதான். ஒரே வித்தியாசம், இவர்கள் கையில் எதுவும் இல்லை. குரங்கு அதன் பாட்டுக்கு ஆடியது.

அதே சத்தம், அதே ஆட்டம். ஆனால் தங்கள் கையால் ஆட்டுவித்த பையன்களுக்குப் பயம் தெளிவாகக் குறைந்திருந்தது. அழவேண்டிய குழந்தை சிரித்து விளையாடியது. பெண் குழந்தைகளிடம் இந்த வேறுபாடு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிறகு கன்னர் இன்னும் சிறிய குழந்தைகளிடமும் பார்த்தார். ஆறு மாதத்திலும் ஒன்பது மாதத்திலும் இந்தக் கட்டுப்பாடு பயத்தைக் குறைக்கவில்லை, பன்னிரண்டு மாதத்தில்தான் குறைத்தது. அதாவது “நான் செய்ததால்தான் இது நடக்கிறது” என்பது ஒரு ஆறுதலாக மாறுவதற்கே ஏறக்குறைய ஒரு வயது ஆக வேண்டியிருக்கிறது. உங்கள் மகன் சரியாக அந்த வாசலில் நிற்கிறான். இதே கன்னர் 1984இல் தன் சகாக்களோடு செய்த இன்னொரு ஆய்வில், பொம்மை ஒரே சீரான இடைவெளியில் ஆடி நின்றால், கண்டபடி ஆடி நிற்பதைவிடப் பயம் குறைகிறது என்று கண்டார்.

இங்கேதான் என் முழு பதிலும் இருக்கிறது. பயமுறுத்துவது பொம்மை நகர்வது மட்டும் இல்லை. அது எப்போது நகரும் என்று தெரியாததும், அதை நிறுத்தும் வழி தன் கையில் இல்லாததும்தான் குழந்தையை உலுக்குகின்றன. இந்த இரண்டையும் மாற்றினால் அதே நாய் வேறு நாயாகிவிடும்.

நம் ஊர்த் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை யோசித்துப் பாருங்கள். அதுவும் ஆடுகிறதுதான், தலையை அசைத்து இடுப்பை வளைத்து நன்றாகவே ஆடுகிறது. ஆனால் குழந்தை தட்டினால்தான் ஆடும், தட்டிய வேகத்துக்கு ஏற்ப ஆடும், மெல்ல மெல்ல அடங்கும். சத்தம் இல்லை, கிட்டே வராது. சொப்பு, நடைவண்டி, இழுத்தால் பின்னால் வரும் மர யானை, எல்லாமே இப்படித்தான். ஒரு வயதுக் குழந்தைக்கு பேட்டரி நாயைவிட இவை நல்லவை என்று நான் சொல்வது பழையதன் மேலுள்ள பாசத்தால் இல்லை. அசைவுக்கான காரணம் குழந்தையின் கையிலேயே இருப்பதால் சொல்கிறேன்.

அடுத்தது உங்கள் முகம். இதைப் பெரும்பாலான வீடுகளில் கவனிப்பதே இல்லை.

அடுத்த முறை புதிதாக ஏதாவது நகரும்போது அவனை மட்டும் கவனியுங்கள். முதலில் கை நின்றுவிடும், பிடித்திருந்ததை விடாமலும் ஆட்டாமலும் அப்படியே வைத்திருப்பான். வாய் லேசாகத் திறக்கும். பொம்மையைப் பார்ப்பான், சட்டென்று திரும்பி உங்கள் முகத்தைப் பார்ப்பான், மறுபடி பொம்மையைப் பார்ப்பான். உதடு பிதுங்குவதும் அழுகையும் அதற்கு அப்புறம்தான். நடுவில் உங்களைப் பார்க்கிறானே, அந்த ஒரு நொடி கேள்வி கேட்கும் நொடி. “இது என்ன, பரவாயில்லையா?” என்று கேட்கிறான்.

மேரி கிளினர்ட் 1984இல் இதைத்தான் ஆராய்ந்தார். பன்னிரண்டு மாத, பதினெட்டு மாதக் குழந்தைகள் முன் முன்பின் பார்த்திராத பொம்மைகள் வந்தன. அம்மாக்களிடம் ஒரு முறை மகிழ்ச்சியான முகம், ஒரு முறை பயந்த முகம், ஒரு முறை உணர்ச்சியற்ற முகம் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அம்மா பயந்த முகம் காட்டினால் குழந்தை அம்மாவிடம் ஒட்டிக்கொண்டது, சிரித்த முகம் காட்டினால் பொம்மைப் பக்கம் நகர்ந்தது. 1986இல் வந்த தொடர் ஆய்வில் ஒரு ரோபோப் பொம்மையை வைத்து, அம்மா அருகில் இருக்கும்போது சற்றுமுன் பழகிய வேறொரு நல்ல மனுஷியின் முகத்தையும் ஒரு வயதுக் குழந்தைகள் வழிகாட்டியாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று கண்டார்கள். ஆக, பாட்டியின் முகமும் மாமாவின் முகமும் கணக்கில் உண்டு.

நம் வீடுகளில் அந்த நொடியில் என்ன நடக்கிறது? குழந்தை திரும்பிப் பார்க்கும்போது அங்கே ஒரு முகமே இருப்பதில்லை, முகத்துக்கு முன்னால் போன் இருக்கிறது. குழந்தை அழத் தொடங்கியதும் சுற்றி இருக்கும் நாலைந்து பேரும் சிரிக்கிறார்கள். யாராவது ஒருவர் பொம்மையை எடுத்து இன்னும் கிட்டே கொண்டுபோய் “பாரு பாரு, ஒண்ணும் பண்ணாது” என்று முகத்துக்கு நேரே நீட்டுகிறார். அப்புறம் அந்த வீடியோ குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. உதவி கேட்டு உங்களைப் பார்த்த குழந்தைக்கு, தான் நடுங்குவது மற்றவர்களுக்கு வேடிக்கை என்ற பதில் கிடைக்கிறது. தயவுசெய்து இதை யாரையும் செய்ய விடாதீர்கள். பெரியவர்கள் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை, “அவன் பயப்படுறான் மாமா, கொஞ்சம் நிறுத்திடுங்க” என்று சொல்லிவிடுங்கள்.

சுபாவம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஹார்வர்டில் ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் நாலு மாதக் குழந்தைகள் முன் வண்ணப் பொம்மைகளைத் தொங்கவிட்டு ஆட்டியும், பதிவு செய்த குரல்களைக் கேட்கவைத்தும் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கை கால் உதைத்து, முதுகை வளைத்து அழுதது. ஐந்தில் இரண்டு பேர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் வகையினர் இரண்டு வயதில் புது ஆட்களிடமும் புதுப் பொருட்களிடமும் தயங்குவதற்கு வாய்ப்பு அதிகம். ஆனால் அவர்களிலும் பலர் அப்படியே இருந்துவிடவில்லை. ஒரு நாய்ப் பொம்மையை வைத்து உங்கள் மகன் எந்த வகை என்று முடிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. “பயந்தாங்கொள்ளி” என்ற பெயரை அவன் காதுபட வைக்காமல் இருப்பது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது.

சரி, அக்காவுக்கு வருவோம். அவள் ஊட்டுகிற சோறு அவளைப் பற்றி நிறையச் சொல்கிறது. குழந்தைகள் ஒரு கட்டத்தில் அசைகிற எல்லாவற்றையும் உயிருள்ளதாக நினைக்கிறார்கள், பிறகு தானாக அசைவதை மட்டும், கடைசியில்தான் விலங்குகளையும் செடிகளையும் மட்டும் என்று பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர் 1920களில் எழுதினார். சூரியனும் சைக்கிளும் உயிருள்ளவை என்று அவரிடம் குழந்தைகள் சொன்னதாகப் பதிவு செய்திருக்கிறார். பின்னால் வந்தவர்கள் அவர் குழந்தைகளைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார் என்று காட்டினார்கள். கிறிஸ்டின் மாசியும் ரோஷல் கெல்மனும் 1988இல் மூன்று, நாலு வயதுக் குழந்தைகளிடம் பார்த்திராத பொருட்களின் படங்களைக் காட்டி, “இது தானாக மலை மேலே ஏறி இறங்குமா?” என்று கேட்டார்கள். விலங்குகளுக்கு ஆம் என்றவர்கள், விலங்கைப் போலவே செய்த சிலைக்கு இல்லை என்றார்கள். வெறும் தோற்றத்தில் ஏமாறவில்லை.

அதனால் அக்காவிடம் “நாய்க்கு நிஜமாவே பசிக்குமா?” என்று கேட்டால், “அய்யோ அம்மா, அது பேட்டரி” என்று சொல்வாள் என்றே எதிர்பார்க்கிறேன். சொல்லிவிட்டு மறுபடி ஊட்டுவாள். தெரிந்தே விளையாடுகிறாள். ஆனால் அவள் வயதிலும் தயக்கம் முழுசாகப் போய்விடாது. பீட்டர் கானும் சகாக்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஆறு வயது வரையான குழந்தைகளை சோனியின் ஐபோ ரோபோ நாயோடும் சாதாரணப் பஞ்சு நாயோடும் விளையாடவிட்டார்கள். எது உயிருள்ளது, எதற்கு வலிக்கும் என்று வாயால் கேட்டபோது இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பதில் சொன்னார்கள். உடம்போ வேறு பதில் சொன்னது. ரோபோ நாய் நகர்ந்தபோது சட்டென்று பின்வாங்கினார்கள், அது தங்களுக்கு ஏதாவது பதில் செய்யும் என்று எதிர்பார்த்து அதனிடம் பேசினார்கள். பஞ்சு நாயைத்தான் தூக்கி எறிந்தார்கள், அடித்தார்கள்.

நேரம் கொடுத்தால் பயம் எப்படி மாறும் என்பதற்கு ஒரு அழகான உதாரணம் கலிபோர்னியாவில் இருக்கிறது. சான் டியேகோவில் உள்ள பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் ஒன்றரை முதல் இரண்டு வயதுக் குழந்தைகளோடு கியூரியோ என்ற சோனி ரோபோவை ஐந்து மாதங்களில் 45 முறை சேர்த்து விட்டுப் பார்த்தார்கள். ஃபூமிஹிடே தனாகாவும் சகாக்களும் 2007இல் எழுதினார்கள். போகப் போகக் குழந்தைகள் அதைத் தங்கள் கூட்டாளி ஒருவரைத் தொடுவது போல் தொடத் தொடங்கினார்கள். அது படுத்துவிட்டால் போர்வை போர்த்தி, தூங்கச் சொல்லி விடைகொடுத்தார்கள். எதில் ஒட்டுதல் வந்தது தெரியுமா? தலையைத் தொட்டால் உடனே கிளுகிளுவென்று சிரிக்கும்படி ரோபோவை அமைத்திருந்தார்கள். வரிசையாக ஏற்கனவே அமைத்த நடனங்களை மட்டும் ஆடவிட்டபோது குழந்தைகளுக்கு ஆர்வம் குறைந்துபோனது. நான் தொட்டேன், அது சிரித்தது என்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. கன்னரின் குரங்கு சொன்னதும் இதே.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் ஒரு வாரம் போல நாயைக் கண்ணில் படாமல் வைத்துவிடுங்கள். பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு, உங்கள் மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் பாட்டுக்கு அதன் காதைத் தடவிக்கொண்டிருங்கள். அவனைக் கூப்பிட வேண்டாம். அவனாக வந்தால் தொடட்டும், வராவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம். அக்கா அதற்குச் சோறு ஊட்டுவதை அவன் தூரத்திலிருந்து பார்ப்பதே நல்ல பயிற்சி, தன்னைவிடச் சற்றுப் பெரிய குழந்தை பயமில்லாமல் இருப்பது பெரியவர்களின் சமாதானத்தைவிட நன்றாக வேலை செய்யும். அசையாத நாயை அவன் இழுத்துக்கொண்டு திரியும் நிலை வந்த பிறகுதான் பேட்டரி.

அப்போதும் முதல் முறை அறையின் மறுபக்கத்தில், நாயின் முகம் அவனைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பி இருக்கும்படி வையுங்கள். அவனை விட்டு விலகிப் போகும் பொம்மை, அவனை நோக்கி வரும் பொம்மையைவிட எவ்வளவோ மேல். “இப்போ நாய் நடக்கப் போகுது” என்று சொல்லிவிட்டு அழுத்துங்கள், இரண்டு நொடியில் நிறுத்துங்கள். மறுபடி அதே வார்த்தை, அதே இரண்டு நொடி. அவனுக்கு அந்த வரிசை பிடிபட்டதும் அவன் விரலைப் பொத்தான் மேல் வைத்துவிடுங்கள். குரைக்கும் சத்தம் அதிகம் என்றால் ஒலிபெருக்கித் துளைகள் மேல் செல்லோடேப் ஒட்டுங்கள், நிறையக் குறையும். எந்தக் கட்டத்தில் உடம்பு விறைத்தாலும் ஒரு படி பின்னால் வந்துவிடுங்கள். பயத்தை மெதுவாகக் கிட்டே கொண்டுவரும் இந்த முறை புதிதில்லை. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு பயந்த பீட்டர் என்ற மூன்று வயதுக்கும் குறைந்த சிறுவனுக்கு, அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டைத் தூரத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலைத் தடவிக்கொடுத்தான்.

டாக்டரிடம் எப்போது சொல்ல வேண்டும்? பயத்துக்காக இல்லை, வேறு சிலவற்றுக்காக. புதிய ஒன்றைப் பார்க்கும்போது அவன் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, விரலால் சுட்டிக் காட்டுவது வரவில்லை என்றால் அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது வரை காத்திருக்காமல் சொல்லுங்கள். மிக்ஸி, குக்கர் விசில், ஹாரன் என்று எல்லாச் சத்தத்துக்கும் காதைப் பொத்தி நெடுநேரம் அழுகிறான், சாப்பாடும் தூக்கமும் கெடுகிறது என்றாலும் காட்டலாம். பொம்மையைப் பார்த்து அலறி, உங்களிடம் ஓடி வந்து, சில நிமிடத்தில் அடங்கிவிடும் குழந்தை செய்வதெல்லாம் சரியாகவே செய்கிறது.

கடைசியாக, பயத்தைவிட நான் அதிகம் கவலைப்படுவது அந்த நாயின் வயிற்றில் இருக்கும் பேட்டரியைப் பற்றி. சின்னப் பொம்மைகளிலும் ரிமோட்டுகளிலும் வட்டமான பட்டன் பேட்டரி இருக்கும். அது குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். மூடி திருகாணியால் முடுக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அது இருக்கிறதா என்றும் பாருங்கள். திருவிழாக் கடையில் வாங்கியது, மூடி நகத்தால் நெம்பினாலே திறக்கிறது என்றால், அவன் பயம் தெளிந்தாலும் தெளியாவிட்டாலும் அந்தப் பொம்மை அவன் கைக்கு வேண்டாம்.